ஒன்பது அட்டைகளும் ஒரு பக்கத் தாளும்: புது மோட்டார் ஹோமின் உத்தரவாதப் பழுதுநீக்கச் சேவை குறித்து

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் மின்பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், ஓய்வூதியப் பலன்களில் பெரும் பகுதியைப் போட்டு 2024 ஆகஸ்டில் ஒரு மோட்டார் ஹோம் வாங்கினேன். வேன் வகையைச் சேர்ந்த புது சேசிஸை (எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டத்தை) ஒரு விற்பனையாளரிடம் வாங்கி, கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒப்படைத்து, நான்கு பேர் படுக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வசதியாக உள்ளே கட்டுமானம் செய்து வாங்கிய வண்டி அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று தெருவே கூடி, "எந்தப் படத்துக்கு சார் ஷூட்டிங்?" என்று கேட்டது. கேரவன் என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்பதுதான் நம் ஊரில் பதிந்திருக்கும் பொருள். அந்தக் கேள்விக்கு இன்றும் வாரம் ஒருமுறையாவது பதில் சொல்லி வருகிறேன்.

இந்த மதிப்பீடு வண்டியின் வசதிகளைப் பற்றியது அல்ல. வாங்கிய பின் பதினேழு மாதங்களாக உத்தரவாதத்தின் கீழ் நடந்த பழுதுநீக்க வேலைகளை அந்தப் பட்டறை எப்படிக் கையாண்டது என்பதைப் பற்றியது. இன்னும் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கும் நிலையில் பட்டறையின் பெயரைப் பொதுவெளியில் போடுவது முறையாகாது என்பதால் அதைத் தவிர்க்கிறேன். சேசிஸ் நிறுவனத்தையும் கருவிகளின் தயாரிப்பாளர்களையும் அவ்வாறே பெயரில்லாமல் விட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கார் வாங்கினால் ஒரு கம்பெனி, ஒரு உத்தரவாதம், ஒரு சேவை மையம். மோட்டார் ஹோமில் அப்படி இல்லை. என்னிடம் சேசிஸுக்கு ஒரு பில்லும், பாடிக்கு 18,60,000 ரூபாய்க்கு இன்னொரு பில்லும் இருக்கின்றன. சேசிஸுக்கு அதைச் செய்த நிறுவனம் பொறுப்பு. பாடிக்குப் பட்டறை பொறுப்பு. உள்ளே இருக்கும் குளிர்பெட்டி, லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் தகடு, அதன் கன்ட்ரோலர், ஏ.சி., தண்ணீர் பம்ப், கூரை விசிறி, கேசட் கழிப்பறை ஆகிய ஒன்பதுக்கும் தனித்தனி உத்தரவாத அட்டைகள், தனித்தனிக் காலக்கெடு, தனித்தனி ஊர்களில் சேவை மையங்கள். பட்டறை கொடுத்தது ஒரே ஒரு பக்கத் தாள். தண்ணீர்க் கசிவுக்கும் கட்டுமானத்துக்கும் 24 மாதம், உள்வேலைகளுக்கு 12 மாதம் என்று அதில் இருந்தது. கடைசி வரியில், பொருத்தப்பட்ட கருவிகளுக்கு அவற்றின் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதமே பொருந்தும் என்று இருந்தது. கையெழுத்துப் போடும்போது அந்தக் கடைசி வரி எனக்கு நியாயமாகவே பட்டது. பேட்டரி கெட்டால் பேட்டரிக்காரர்தானே மாற்றித் தர வேண்டும்?

அந்த வரியில் இருந்த ஓட்டை முதல் மாதமே தெரிந்துவிட்டது. குளிர்பெட்டி பகலில் நன்றாக ஓடும். இரவு இரண்டு மணிக்கு மேல் நின்றுவிடும். காலையில் பால் திரிந்திருக்கும். குளிர்பெட்டி நிறுவனத்தின் ஆள் வந்து, தன்னுடன் கொண்டுவந்த மின்வழங்கியில் இணைத்து இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டி, பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பேட்டரி நிறுவனத்தின் ஆள் வந்து, பேட்டரியின் கொள்ளளவைச் சோதித்து, அதிலும் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இருவரும் சொன்னது முழு உண்மை. குறை பேட்டரியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓடிய ஒயரில் இருந்தது.

தொழில் பழக்கத்தில் நானே மல்டிமீட்டரை எடுத்தேன். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் 13.0 வோல்ட் இருந்தது. குளிர்பெட்டி முனையில் 11.5 வோல்ட்தான். ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு, போகவர 16 மீட்டர் நீளத்துக்கு, 1 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டிருந்தார்கள். அந்தத் தடிமனில் அவ்வளவு நீளச் செம்புக்கு மின்தடை கால் ஓமுக்கு மேல் வரும். ஐந்து ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். வீட்டின் 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்கு. பேட்டரியைக் காப்பதற்காக இந்தக் குளிர்பெட்டி குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழே தானாக நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. பகலில் சோலார் தாங்கிப் பிடித்தது. இரவில் பேட்டரி சற்று இறங்கியதும், கம்ப்ரஸர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒயர் முனையில் அழுத்தம் அந்த எல்லைக்குக் கீழே விழுந்து, பெட்டி நின்றுபோனது.

பட்டறையிடம் இதைச் சொன்னபோது வந்த முதல் பதில், "ஐயா, ஃப்ரிட்ஜ் பிரச்சினைன்னா கம்பெனிக்குத்தான் போன் பண்ணணும்" என்பது. ஒயர் யாருடையது என்று கேட்டேன். பதில் வரவில்லை. அளவீடுகளையும் ஒயரின் தடிமன் தெரியும்படி எடுத்த படத்தையும், இரு நிறுவனங்களின் ஆட்களும் எழுதிக் கொடுத்த சான்றுகளையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பிய மூன்றாம் நாள் பட்டறையின் எலக்ட்ரீஷியனே பேசினார். அவர் விவரம் தெரிந்தவர். இரண்டு நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, கடலூரிலேயே ஆள் வைத்து 6 சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றிக்கொள்ளுங்கள், பில்லை அனுப்புங்கள் என்றார். மாற்றினோம், இழப்பு கால் வோல்ட்டாகக் குறைந்தது, அதன்பின் பால் திரியவில்லை. பணம் வருவதற்கு ஏழு வாரமானது, ஆனால் முழுதாக வந்தது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், என் பதினேழு மாத அனுபவத்தில் பெரிய சிக்கல்கள் அத்தனையும் இதே அச்சில் வார்த்தவையாக இருந்ததுதான். எந்தப் பொருளும் தனியாகக் கெடவில்லை. பொருளும் பொருளும் சேரும் இடத்தில் கெட்டது. ஒன்பது அட்டைகளில் எதுவும் அந்தச் சேருமிடத்தைத் தொடுவதில்லை. ஒரு பக்கத் தாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சேசிஸிலும் இதுவே நடந்தது. ஓட்டும்போது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் இணைப்பு ஒன்று உண்டு. டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்ததும், புதுச்சேரியில் உள்ள சேசிஸ் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். போனட்டைத் திறந்து பார்த்தவர், கம்பெனி ஒயரிங்கை யாரோ நறுக்கி இணைத்திருக்கிறார்கள், ஆகவே மின்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாடி கட்டுபவர்கள் எந்த இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்று சேசிஸ் நிறுவனங்கள் கையேடே வெளியிடுகின்றன. பட்டறை அதைப் படித்திருக்க வேண்டும். இந்தக் குறையைப் பொறுத்தவரை பட்டறை நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது. தவறை ஒப்புக்கொண்டு, நறுக்கிய இடத்தை நீக்கி, முறையான கனெக்டர் வழியாக இணைப்பை மாற்றி, அந்த இணைப்பால் சேசிஸின் மின்பகுதிக்கு ஏதேனும் கேடு வந்தால் செலவைத் தாமே ஏற்பதாகத் தலைப்புத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் சேவை மையம் வண்டியின் கோப்பில் போட்டிருந்த குறிப்பை நீக்கியது.

இனி ஒழுகலுக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேலாக மழை கொட்டியதும், அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கியதும் இப்பகுதியினர் அறிந்ததே. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்கும் குறைவாகவே தண்ணீர் நின்றது. வண்டியின் தரை அதற்கு மேலே இருந்ததால் வெள்ளம் உள்ளே வரவில்லை. தண்ணீர் வந்தது மேலிருந்து. டிசம்பர் 1 காலையில் கதவைத் திறந்தபோது பின்பக்கக் கட்டிலின் மெத்தை ஊறிப்போய், உள்கூரையின் ஒட்டுப்பலகை ஓரத்தில் ஒரு பழுப்பு வளையம் விழுந்திருந்தது. வண்டிக்கு அப்போது வயது நான்கு மாதம்.

பட்டறை மேலாளரின் பதில்: "புயல் மழை இயற்கைச் சீற்றம் ஐயா, அது வாரண்டில வராது, இன்சூரன்ஸ்ல கேளுங்க." காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டேன். வெள்ளத்தாலும் புயலாலும் வரும் சேதத்துக்குப் பாலிசி உண்டு, ஆனால் இணைப்பு சரியாக அடைபடாததால் கசிந்தது கட்டுமானக் குறை, அதற்குப் பாலிசி இல்லை என்றார்கள். மறுபடியும் இரண்டு பேருக்கு நடுவே நான். இதற்கு நான் எழுதிய பதில் கடிதத்தில் இருந்த வாதம் ஒன்றுதான், அதுவே கடைசியில் எடுபட்டது. கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கி.மீ. என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சொன்னது. நெடுஞ்சாலையில் மழையில் நான் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் என் வண்டியின் கூரைமேல் அதே காற்றும் அதே மழையும்தான் மோதுகின்றன. நின்றிருக்கும்போது அந்தக் காற்றில் ஒழுகும் கூரை, ஓடும்போதும் ஒழுகும். அப்படியானால் இது புயலின் குறையா, மோட்டார் ஹோமாகப் பயன்படுத்தவே தகுதியில்லாத கூரையின் குறையா? இதையும், தெருவில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று காட்டும் படங்களையும் சேர்த்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்தாம் நாள், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது.

கடலூரிலிருந்து கரூர் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். விருத்தாசலம், திருச்சி வழியாகப் போகவர டீசலுக்கே ஐந்தாயிரத்தைத் தொட்டது. திரும்பி வரப் பேருந்துச் செலவு, மறுபடி எடுக்கப் போகும் செலவு தனி. உத்தரவாதத் தாளில் வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு வாடிக்கையாளருடையது என்று இருந்ததால் அதில் நான் பேச இடமில்லை. வாங்குவதற்கு முன் விலையை இரண்டு மாதம் பேரம் பேசிய நான், இந்த ஒரு வரியைப் பேசியிருந்தால் பேரத்தில் குறைத்ததைவிட அதிகம் மிச்சமாகியிருக்கும்.

வண்டி அங்கே 23 நாள் நின்றது. திரும்பப் பெற்றபோது ஜாப் கார்டில் "தண்ணீர்க் கசிவு சரிபார்க்கப்பட்டது, ஓகே" என்று மட்டும் இருந்தது. ஏணி கேட்டு வாங்கி மேலே ஏறிப் பார்த்தேன். கூரை விசிறியின் சட்டத்தைச் சுற்றியும், சோலார் தகட்டின் கால்களைச் சுற்றியும் வெள்ளை சிலிக்கானைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். பழைய அடைப்பானை எடுக்கவில்லை. சட்டத்தைக் கழற்றவும் இல்லை. குளியலறை ஓரத்தில் போடும் அந்தப் பொருளை அசையும் வண்டியின் கூரையில் போடக் கூடாது. வெயிலில் கூரை விரிந்து, இரவில் சுருங்கி, பள்ளம் மேடுகளில் முறுக்கிக்கொள்ளும்போது ஓரம் விட்டுவிடும். அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட பரப்பில் பிறகு வேறு எந்த அடைப்பானும் சரியாக ஒட்டாது. எனவே இப்படிப்பட்ட வேலை பழுதை நீக்காமல், அடுத்து வருபவரின் வேலையை இரண்டு மடங்காக்கிவிடுகிறது. என் கணிப்பு தவறவில்லை. அடுத்த கோடை மழையிலேயே அதே வளையம் இன்னும் ஒரு சாண் அகலமானது.

இரண்டாம் முறை கரூருக்குப் போக மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, கடலூரில் நான் காட்டும் ஒருவரிடம் வேலையைச் செய்ய எழுத்துவழி ஒப்புதல் தாருங்கள், இல்லையெனில் உங்கள் ஆளை இங்கே அனுப்புங்கள் என்றேன். பெரிய தயக்கத்துக்குப் பிறகு இரண்டையும் செய்தார்கள்: தங்கள் பாடி மேஸ்திரி ஒருவரை இரண்டு நாள் அனுப்பி, வேலையை உள்ளூர்க்காரர் செய்ய, அவர் மேற்பார்வை பார்க்க ஏற்பாடானது. நான் காட்டிய உள்ளூர்க்காரர் வண்டி மெக்கானிக் அல்ல. தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பவர். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகியதில் அந்தத் தொழில் கற்றவர்களில் ஒருவர். என் வண்டியின் கூரையும் படகின் அடியும் ஒரே பொருள்: கண்ணாடியிழை விரிப்பும் (மேட்) அதை இறுக்கும் பிசினும் (ரெசின்). தண்ணீர் கீழிருந்து வராமல் காப்பவருக்கு மேலிருந்து வராமல் காக்கத் தெரியாதா என்பது என் மனைவியின் யோசனை. அதை நான் என்னுடையதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த இரண்டு நாள்களில் நான் கற்றது நிறைய. தண்ணீர் சொட்டும் இடத்தைப் பார்த்து அவர் ஏமாறவில்லை. வண்டி வாசலில் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கிறது. ஆகவே முன்னால் நுழையும் நீர் வெளிக்கூரைக்கும் உள்பலகைக்கும் இடையே ஒயர் போகும் குழாயோடு ஓடிப் பின்னால் வந்து சொட்டும் என்றார். வண்டிக்குள் என்னை டார்ச்சோடு நிற்க வைத்துவிட்டு, ஹோஸ் குழாயால் கீழ்மட்டத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பகுதியாகப் பத்துப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே மேலே போனார். எடுத்த எடுப்பில் கூரைமேல் கொட்டினால் எங்கே நுழைகிறது என்று தெரியவே தெரியாது. முன்விசிறிச் சட்டத்தின் இடதுமூலைக்கு வந்ததும் ஏழாம் நிமிடத்தில் பின்கட்டில் மேல் சொட்டியது. இரண்டு மீட்டருக்கும் மேலான தூரம்.

சட்டத்தைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கூரையை வெட்டிய துளை சட்டத்தைவிட ஒரு பக்கம் பெரிதாகிப்போய், திருகாணி ஒன்று பிடிப்பே இல்லாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலும், அலுமினியச் சட்டத்தைச் சாதாரண இரும்புத் திருகாணிகளால் பிடித்திருந்தார்கள். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிற்கும் வண்டியில் உப்புக்காற்று பட்டால் இரு வேறு உலோகங்கள் சேரும் இடம் எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்பதைப் படகுக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை; எட்டே மாதத்தில் திருகாணித் தலைகள் துருவாய் உதிர்ந்தன. கரூர் மேஸ்திரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல இது பத்து வருஷம் நிக்கும் ஐயா" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் வண்டி கடலூருக்குப் போகிறது என்று ஆர்டர் படிவத்திலேயே இருந்தது.

சிலிக்கானை முழுதாகச் சுரண்டி எடுக்கவே முக்கால் நாள் ஆனது. துளையின் ஓரத்தில் கண்ணாடியிழை விரிப்பும் ரெசினும் வைத்துக் கட்டி, மறுநாள் அரத்தால் தேய்த்து, சட்டத்தின் அடியில் ஒட்டும் தன்மையுள்ள பியூட்டைல் ரப்பர் பட்டையும் வெளி ஓரத்தில் பாலியூரித்தேன் அடைப்பானும் போட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் இறுக்கினார்கள். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். நாளொன்றுக்கு மூன்று மில்லிமீட்டர் வரைதான் உள்ளே இறுகிக்கொண்டு போகும் என்பதால் நான்கு நாள் வண்டியை அசைக்கவில்லை. மொத்தச் செலவு 14,200 ரூபாய், பட்டறை ஏற்றுக்கொண்டது. ஊறிய உள்பலகையை மாற்றித் தர மட்டும் இன்றுவரை இழுத்தடிக்கிறார்கள். காய்ந்துவிட்டால் போதும் என்பது அவர்கள் கட்சி. ஈரமானி வைத்து அளந்தால் மற்ற இடங்களில் 12 சதவீதம் காட்டும் பலகை, அந்த மூலையில் கோடையிலும் 19 காட்டியது. விரலால் அழுத்தினால் மெத்தென்று போகிறது. காய்ந்தாலும் பசை விட்ட ஒட்டுப்பலகை பழைய பலத்துக்கு வராது.

ஒரே ஒரு விஷயத்தில் பட்டறையின் வேகம் என்னை வியக்க வைத்தது. சமையல் எரிவாயு உருளை வைக்கும் பெட்டியின் அடியில் காற்றுத்துளை இருக்க வேண்டும், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும், வெளியேற அடியில் வழி வேண்டும். என் வண்டியில் அந்தத் துளையைத் தரைவிரிப்பு ஒட்டியவர் மூடிவிட்டிருந்தார். படம் எடுத்து அனுப்பிய அரை மணி நேரத்தில் உரிமையாளரே பேசி, அதுவரை உருளையை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆளை வாசலில் நிறுத்தினார். அதே மாதம் கட்டித் தந்த வேறு வண்டிகளையும் திருப்பி அழைத்துப் பார்த்ததாக வந்தவர் சொன்னார். ஆபத்து என்று தெரிந்தால் ஒரு நாளில் நடக்கிற வேலை, சங்கடம் என்று மட்டும் தெரிந்தால் ஏழு வாரமாகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொண்டேன்.

சின்னக் குறைகளை விரிக்கவில்லை. அலமாரிப் பூட்டுகள் மூன்று மாற்றித் தரப்பட்டன, பம்ப் சத்தத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், ஏ.சி. நீர் உள்ளே சொட்டியது சாய்வு சரியில்லாததால், அதை நானே சரிசெய்துகொண்டேன்.

சட்டவழியைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவில்லை, ஆனால் போகத் தயாராக இருந்தேன். அது கடிதத்தில் தெரிந்ததால்தான் பதில்கள் வேகமாக வந்தன என்று நம்புகிறேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை எங்கே இருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்; கரூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். என் பாடி பில்லின் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதால், "அடுத்த மாதம் பார்க்கலாம் ஐயா" என்ற பேச்சில் காலத்தைக் கரைக்கக் கூடாது. ஆனால் புதுச்சேரிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எண்ணத்தில் வண்டி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வணிக நோக்கத்துக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதாது, தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்துபவருக்கு மட்டும்தான் விலக்கு. முதலில் பேசிப் பார்க்க விரும்புபவர்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. அதில் தமிழிலும் பேசலாம்.

எழுத்தைப் பற்றி இரண்டு சொல். நான் முதல் மூன்று மாதம் தொலைபேசியில்தான் பேசினேன். அந்த மூன்று மாதத்தில் நடந்த வேலை என்று எதுவும் இல்லை. பிறகு ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண் கொடுத்து, கண்ட தேதி, படம், அளவீடு, சொன்ன தேதி, வந்த பதில் என்று எழுதி, மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினேன். ஜாப் கார்டில் "ஓகே" என்று இருந்தால் கையெழுத்துப் போட மறுத்து, எதைக் கழற்றினீர்கள், எதை மாற்றினீர்கள், பழைய பொருள் எங்கே என்று எழுதச் சொன்னேன். வண்டி பட்டறையில் நின்ற 23 நாளுக்காக உத்தரவாதத்தை நீட்டிக்கக் கேட்டேன். ஒரு மாதம் நீட்டித்து எழுதிக் கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்கு அது கிடைத்திருக்காது. ஏனென்றால் அப்படி ஒரு வழக்கமே அங்கே இல்லை என்று மேலாளரே சொன்னார்.

இந்தப் பட்டறையிடம் பாடி கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம் என்றே சொல்வேன். கதவுகள், கட்டில்கள், தரை, வெல்டிங் எல்லாம் பேருந்துக்காரர்களின் உறுதியோடு இருக்கின்றன. ஏமாற்றும் எண்ணம் அங்கே யாரிடமும் நான் காணவில்லை. உத்தரவாதச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்தான் தருவேன். ஆனால் ஆர்டர் கொடுக்கும்போதே, இணைப்பு வேலைகள் அனைத்துக்கும் பட்டறையே பொறுப்பு என்றும், 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வாடிக்கையாளருக்கு உள்ளூரில் வேலை செய்ய அனுமதி உண்டு என்றும், கடலோர வண்டிக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி என்றும் மூன்று வரிகளை அந்த ஒரு பக்கத் தாளில் சேர்க்கச் சொல்ல வேண்டும். என் பரிந்துரையில் சென்ற புதுச்சேரி நண்பர் ஒருவருக்கு முதல் இரண்டையும் மறுபேச்சின்றிச் சேர்த்துக் கொடுத்தார்கள். திருகாணிக்கு மட்டும் கூடுதலாக 6,000 ரூபாய் வாங்கினார்கள்.

2025 வடகிழக்குப் பருவமழையில் கூரை ஒழுகவில்லை. பின்மூலையின் உள்பலகையும், வெயிலில் மஞ்சளித்துப்போன ஒரு சன்னல் ரப்பரும் பாக்கி. நீட்டித்த உத்தரவாதம் 2026 செப்டம்பரில் முடிகிறது. என் பட்டியலில் அவை 31, 34ஆம் எண்கள், இம்மாத மின்னஞ்சலும் போய்விட்டது.